போர்ட் செய்த சிலிண்டர் ஹெட்: எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

செவ்ரோலெட் 350 இன்ஜினைப் பிரித்து வைத்திருப்பவர் முன்னால், வால்வுகள் உட்கார்ந்திருக்கும் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டைப் பொறுத்து நான்கு வழிகள் இருக்கின்றன. பழைய இரும்பு ஹெட்டையே கைடு (வால்வ் தண்டு ஏறி இறங்கும் குழல்) மாற்றி, சீட் (வால்வ் வந்து மூடும் விளிம்பு) வெட்டித் திரும்பப் பூட்டலாம். அதே ஹெட்டைக் கைத்தேர்ந்த ஒருவரிடம் கொடுத்து போர்ட் செய்து, அதாவது உள்ளே காற்று போகும் வழிகளான போர்ட்டுகளைக் குடைந்து சீராக்கி, வாங்கலாம். 1990-களின் பிற்பகுதியில் வந்த பிக்கப் வண்டிகளிலிருந்து கழற்றிய வோர்டெக் ஹெட்டைத் தேடிப் பிடிக்கலாம். அல்லது புது அலுமினிய ஹெட்டை, வார்த்தது வார்த்தபடியோ கணினி இயக்கும் சி.என்.சி இயந்திரத்தில் குடைந்தோ, பெட்டியோடு வாங்கிவிடலாம். விற்பவர்கள் எல்லோரும் குதிரைத்திறனை மட்டுமே பேசுவார்கள். வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்த ஹெட் தரப்போகும் காற்றை என் இன்ஜினின் மற்ற பாகங்களால் பயன்படுத்த முடியுமா?

350-ஐ எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. செவ்ரோலெட்டின் சிறிய வி-8 இன்ஜின் 1955-இல் 265 கன அங்குலத்தில் பிறந்தது. 5.7 லிட்டர் கொள்ளளவு கொண்ட 350 வடிவம் 1967-இல் கமாரோ காரோடு வந்தது. போர் (சிலிண்டரின் விட்டம்) 4 அங்குலம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 3.48 அங்குலம். அடிப்படை அமைப்பு பல பத்தாண்டுகள் மாறவில்லை என்பதால் ஒரு காலத்து ஹெட் இன்னொரு காலத்து பிளாக்கில் (சிலிண்டர்கள் உள்ள அடிப்பகுதியில்) பெரும்பாலும் உட்காரும். இத்தனை ஹெட் ஒரே பிளாக்கில் மாறிமாறி உட்கார்வதால் ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட வசதியான இன்ஜின் அரிது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய இரும்பு ஹெட்டை முழுமையாக போர்ட் செய்ய இன்று அமெரிக்கக் கூலி கொடுப்பது, பந்தய விதியோ காரின் அசல் மதிப்போ கட்டாயப்படுத்தினால் ஒழிய, வீண் செலவு. அதே வேலை கோயம்புத்தூரில் நடந்தால் கணக்கு தலைகீழாக மாறும். இரண்டும் ஒரே கணக்கிலிருந்து வருபவைதான்.

ஹெட்தான் குற்றவாளியா?

1975-இல் இரட்டைக் குழல் கார்புரேட்டரோடு விற்ற 350 இன்ஜினுக்கு நிறுவனம் குறித்த திறன் 145 குதிரைத்திறன். அந்தக் காலத்து 76 கன சென்டிமீட்டர் சேம்பர் (எரியறை) கொண்ட ஹெட்டை, காற்றோட்டத்தை அளக்கும் ஃப்ளோ பெஞ்சில் ஏற்றினால், 28 அங்குல நீர் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 200 கன அடிக்குச் சற்றுக் குறைவான காற்றை விடும். பெஞ்ச்காரர்களிடையே பழகிய ஒரு வாய்ப்பாடு உண்டு: கன அடியை 0.257-ஆல் பெருக்கி, அதைச் சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்கினால் அந்த ஹெட் தாங்கக்கூடிய உச்சக் குதிரைத்திறன் ஏறத்தாழ வரும். 190 கன அடிக்குக் கணக்கிட்டால் 390. அதாவது இன்ஜின் தந்த திறனைவிட ஹெட்டின் உச்சவரம்பு இரண்டு மடங்குக்கு மேல் இருந்திருக்கிறது.

மீதித் திறன் எங்கே போனது? வால்வுகளைத் தூக்கும் சோம்பலான கேம், 8.5-ஐ ஒட்டிய அமுக்க விகிதம், மூச்சுத் திணறும் எக்ஸாஸ்ட், சிறிய கார்புரேட்டர். இவற்றை அப்படியே வைத்துக்கொண்டு ஹெட்டை மட்டும் போர்ட் செய்தால் என்ன ஆகும்? உச்ச வேகத்தில் கொஞ்சம் கூடும், கீழ் வேகத்தில் கொஞ்சம் குறையும். செலவழித்தவர் மட்டும் வண்டி பறக்கிறது என்று சொல்லிக்கொள்வார்.

விளம்பரங்களில் வரும் 'ஹெட் மாற்றியதால் இத்தனை குதிரைத்திறன்' என்ற கணக்கையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். 76 கன சென்டிமீட்டர் சேம்பரிலிருந்து 64-க்கு மாறினால், தட்டையான பிஸ்டன் உள்ள 350-இல் அமுக்க விகிதம் 8.5-இலிருந்து 9.6 வரை ஏறிவிடும். அந்த ஒரு புள்ளி ஏற்றமே முறுக்குவிசையை எல்லா வேகத்திலும் கூட்டும். போர்ட்டின் பங்கு எவ்வளவு, அமுக்கத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாத எந்த எண்ணையும் போர்ட்டின் கணக்கில் எழுத வேண்டியதில்லை. பெரும்பாலும் அதே நாளில் கேமையும் மாற்றியிருப்பார்கள். அதையும் கேட்டுவிட வேண்டும்.

பெஞ்ச் எண்ணைப் படிக்கும் விதம்

ஹெட்டுக்குள் காற்று எவ்வளவு போகிறது என்று அளந்து பார்த்து வடிவமைக்கும் வழக்கம் புதிதல்ல. இங்கிலாந்தின் ஹாரி வெஸ்லேக் இந்தக் கலையில் பெயர் எடுத்தவர். 1948-இல் வெளிவந்த ஜாகுவார் எக்ஸ்.கே இன்ஜினின் ஹெட்டில் அவர் கை உண்டு. இன்று நல்ல கடைகள் எல்லாவற்றிலும் ஃப்ளோ பெஞ்ச் இருக்கிறது. ஆனால் எண் இருப்பதாலேயே அது உண்மையாகிவிடாது.

அழுத்தத்தை முதலில் பார்க்க வேண்டும். பழைய பட்டியல்களில் 10 அங்குல நீர் அழுத்தத்தில் எடுத்த எண்கள் கிடக்கும். அவற்றை 1.67-ஆல் பெருக்கினால்தான் 28 அங்குலக் கணக்குக்கு வரும். அடுத்தது, எந்த போர் அளவுள்ள குழாயின் மேல் ஹெட்டை வைத்து அளந்தார்கள் என்பது. 4 அங்குல போர் உள்ள இன்ஜினுக்கு வாங்கும் ஹெட்டை 4.155 அங்குலக் குழாயில் அளந்திருந்தால் வால்வுக்கும் சுவருக்கும் இடையில் கூடுதல் இடம் கிடைத்து எண் உயர்ந்துவிடும். உங்கள் வண்டியில் அந்த இடம் இல்லை. உள்வாயிலில் களிமண்ணால் வளைவு வைத்தார்களா, எக்ஸாஸ்ட்டை அளக்கும்போது ஒரு குழாய்த் துண்டு பொருத்தினார்களா என்பவையும் எண்ணை நகர்த்தும். ஆகவே இரண்டு வேறு கடைகளின் எண்களை அருகருகே வைத்து ஐந்து கன அடி வித்தியாசத்துக்காகச் சண்டை போடுவதில் பொருளே இல்லை. ஒரே பெஞ்சில், ஒரே கையால், வேலைக்கு முன்பும் பின்பும் எடுத்த இரண்டு பட்டியல்கள் இருந்தால் அதற்கு மதிப்புக் கொடுக்கலாம்.

இனி, உச்ச எண். விற்பவர் பெரிய எழுத்தில் போடுவது 0.600 அல்லது 0.700 அங்குல லிஃப்ட்டில் வரும் எண்ணை. உங்கள் கேம் 0.460 அங்குலம்தான் வால்வைத் தூக்கும் என்றால் அந்த எண் உங்களுக்கு ஆகவே ஆகாது. அது மட்டுமல்ல. வால்வ் உச்ச லிஃப்ட்டை ஒரு சுழற்சியில் ஒரு முறைதான் தொடுகிறது. அதற்குக் கீழே உள்ள ஒவ்வொரு உயரத்தையும் ஏறும்போது ஒரு முறை, இறங்கும்போது ஒரு முறை என இரண்டு முறை கடக்கிறது. 0.200, 0.300, 0.400 அங்குலங்களில் வரும் எண்கள்தான் சாலையில் ஓடும் வண்டிக்குச் சோறு போடுபவை.

கீழ் லிஃப்ட்டில் காற்றைத் தடுப்பது போர்ட் அல்ல, வால்வுக்கும் சீட்டுக்கும் நடுவே திறக்கும் வளைய இடுக்கு. வால்வின் விட்டத்தில் கால் பங்கு தூக்கினால்தான் அந்த இடுக்கின் பரப்பு வால்வின் பரப்புக்குச் சமமாகும். காற்று நுழையும் 1.94 அங்குல இன்டேக் வால்வுக்கு அது 0.485 அங்குலம். அதுவரை ஆட்சி சீட்டின் கையில் இருக்கிறது. 45 பாகை சீட், அதற்கு மேலே 30, கீழே 60 என்று மூன்று கோணத்தில் ஒழுங்காக வெட்டிய சீட், வால்வின் பின்புறத்தில் எடுத்த ஒரு மெல்லிய 30 பாகை விளிம்பு: செலவைப் பார்த்தால் இதைவிட மலிவாகக் காற்றை வாங்க முடியாது. போர்ட்டிங் என்ற பெயரில் நடக்கும் முன்னேற்றத்தில் நல்ல பங்கு உண்மையில் இந்த சீட் வேலையின் பலன். பில்லில் மட்டும் அது ஒரு வரியாக, கடைசியில் இருக்கும்.

போர்ட்டின் கொள்ளளவும் சேர்த்துக் கேட்க வேண்டிய எண். 170 கன சென்டிமீட்டர் போர்ட்டும் 210 கன சென்டிமீட்டர் போர்ட்டும் 0.500 லிஃப்ட்டில் ஒரே 240 கன அடியை விட்டால், நான் கண்ணை மூடிக்கொண்டு சிறியதை எடுப்பேன். ஒரே அளவு காற்று சிறிய வழியில் போகும்போது வேகமாகப் போகிறது. அந்த வேகம்தான் பிஸ்டன் கீழே வந்து திரும்பிய பிறகும் காற்றைத் தொடர்ந்து உள்ளே தள்ளுகிறது. கார்புரேட்டரிலிருந்து வரும் பெட்ரோல் துளிகள் சுவரில் வழியாமல் மிதக்கவும் அதுவே உதவுகிறது. குடைந்து குடைந்து பெரிதாக்கிய போர்ட் உள்ள வண்டி சிக்னலில் இருந்து எழும்பத் தயங்கும். எடுத்த உலோகத்தைத் திரும்ப வைக்கவும் முடியாது. (இந்தக் கொள்ளளவு ஒப்பீடு ஒரே குடும்பத்து ஹெட்டுகளுக்குள் மட்டும் செல்லும். போர்ட்டின் நீளம் மாறிவிட்டால் கன சென்டிமீட்டர் எதையும் சொல்லாது.)

நான்கு வழிகளும்

பழைய ஹெட்டைச் சீர்செய்து பூட்டுவதை யாரும் பெருமையாகச் சொல்ல மாட்டார்கள். அன்றாடம் ஓட்டும் வண்டிக்கு, நிமிடத்துக்கு 5000 சுற்றுக்கு மேல் போகாத இன்ஜினுக்கு, இதுவே போதும். கைடு, சீட், புது ஸ்பிரிங், மேற்பரப்பைச் சமமாக்குதல். மிச்சப் பணத்தைக் கேமுக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் போடலாம். 76 கன சென்டிமீட்டர் சேம்பர் உள்ள ஹெட் என்றால் மட்டும் யோசிக்க வேண்டும். அவற்றில் 882 என்று முடியும் வார்ப்பு எண் கொண்டவை மெல்லிய சுவருக்கும் விரிசலுக்கும் பேர்போனவை. அவற்றில் எந்தச் செலவும் செய்யக்கூடாது என்பது என் எண்ணம்.

பழைய ஹெட்டை போர்ட் செய்வது உணர்ச்சி கலந்த விவகாரம். 1960-களின் 'ஒட்டகத் திமில்' ஹெட்டுகளுக்கு, அதாவது பக்கவாட்டில் இரட்டை மேடு வார்த்திருக்கும் 461, 462, 186 எண் வார்ப்புகளுக்கு, இன்றும் ஒரு மவுசு இருக்கிறது. 64 கன சென்டிமீட்டர் சேம்பர், 1.94 அல்லது 2.02 அங்குல இன்டேக் வால்வ். தன் காலத்தில் அவை ராஜா. வெறும் ஹெட்டாக 200 கன அடியை ஒட்டியோ சற்று மேலோ விடும். நல்ல கை பட்டால் 240 வரை கொண்டுபோகலாம்.

ஆனால் போர்ட் செய்பவர் டை கிரைண்டரைத் தொடுவதற்கு முன்பே என்னென்ன செலவு என்று எண்ணிப் பாருங்கள். கொதிநீரில் கழுவ வேண்டும். காந்தத் தூள் போட்டு விரிசல் பார்க்க வேண்டும். ஈயமில்லாத பெட்ரோலுக்காக எக்ஸாஸ்ட்டில் கடின சீட் பதிக்க வேண்டும். கைடு மாற்ற வேண்டும். அழுத்திச் செருகிய ராக்கர் ஸ்டடைப் பிடுங்கி மரை உள்ளதைப் பூட்ட வேண்டும். வால்வ், ஸ்பிரிங், அதைப் பிடிக்கும் ரிடெய்னர், சீல் எல்லாம் புதிது. இவ்வளவும் முடிந்த பிறகுதான் போர்ட் வேலை. எட்டு இன்டேக், எட்டு எக்ஸாஸ்ட். இரும்பைக் குடைவது அலுமினியத்தைக் குடைவதைவிட மிக மெதுவான வேலை. மணிக் கூலியில் இதைச் செய்தால் மொத்தத் தொகை ஒரு புது அலுமினிய ஹெட் சோடியைத் தொட்டுவிடும், பல நேரம் தாண்டிவிடும். முடிவில் கையில் இருப்பதோ அறுபது வயதான இரும்பு.

இந்த வழி சரியாக வரும் இடங்கள் மூன்று. பந்தய வகுப்பின் விதி அந்த வார்ப்பையே கேட்கும்போது. காரின் மதிப்பே அசல் எண் கொண்ட ஹெட்டில் இருக்கும்போது. குடைபவர் நீங்களே என்னும்போது. மூன்றாவதில் கூலி இல்லை, கற்றுக்கொள்ளும் இன்பம் உண்டு. அப்போதும் சீட்டுக்குக் கீழே முதல் ஒரு அங்குலத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. தொழிற்சாலையில் சீட் வெட்டிய கருவி விட்டுப்போன கூர்விளிம்பு அங்கேதான் இருக்கும். வால்வ் கைடைச் சுற்றி வார்ப்பு மொத்தையாக நிற்பதும் அங்கேதான். இந்த இரண்டையும் சீராக்கினாலே கிடைக்கக்கூடியதில் பெரும்பகுதி கிடைத்துவிடும். காற்றைக் கொண்டுவரும் மேனிஃபோல்டு சேரும் வாயிலை கேஸ்கட் அளவுக்கு அகட்டுவது படத்தில் அழகாக இருக்கும். உள்ளே குறுகலாக இருக்கும்போது வாயிலை மட்டும் அகட்டினால் காற்று அந்த இடத்தில் வேகம் குறைந்து, மறுபடி நெருக்கப்பட்டுப் போகும்.

விதி பற்றிப் பேசும்போது ஒன்று. அமெரிக்காவின் என்.எச்.ஆர்.ஏ அமைப்பு நடத்தும் டிராக் (நேர்கோட்டு வேக) பந்தயத்தில் ஸ்டாக் வகுப்பில் போர்ட்டிலிருந்து உலோகம் எடுக்கவே கூடாது. அந்த மாதிரி வகுப்புகளில் அமிலம் ஊற்றி போர்ட்டைப் பெரிதாக்கி, வார்ப்பின் சொரசொரப்பு அப்படியே இருக்கும்படி பார்த்துக்கொண்ட கதைகள் பந்தயக்காரர்களிடையே பழையவை. கருவி பட்ட தடயமே இருக்காது. சோதிப்பவர்கள் கொள்ளளவை அளந்து பார்ப்பது இதனால்தான்.

வோர்டெக் ஹெட் இந்தக் கதையில் குறுக்கே வந்த மாப்பிள்ளை. 1996 முதல் ஜி.எம் லாரிகளிலும் பிக்கப்களிலும் வந்த எல்31 இன்ஜினின் ஹெட் இது. 906 அல்லது 062 என்று முடியும் வார்ப்பு எண், 64 கன சென்டிமீட்டர் சேம்பர், 1.94, 1.50 அங்குல வால்வுகள். கை படாத நிலையிலேயே 0.500 லிஃப்ட்டில் 230 கன அடியை ஒட்டி விடும். ஒட்டகத் திமில் ஹெட்டுக்கு நல்ல கூலி கொடுத்து அடையும் இடத்தின் வாசலில் இது பிறக்கும்போதே நிற்கிறது. 'பழைய ஹெட்டை போர்ட் செய்யலாமா' என்ற கேள்விக்கு அமெரிக்காவில் பெரும்பாலோர் விடை தேடுவதை நிறுத்தியது இந்த ஹெட் வந்த பிறகுதான்.

குறைகளும் உண்டு. மேனிஃபோல்டு எட்டு போல்ட்டில் பிடிக்கும். பழைய பன்னிரண்டு போல்ட் மேனிஃபோல்டு பொருந்தாது, புதிது வாங்க வேண்டும். கைடின் மேற்பகுதி உயரமாக இருப்பதால் வால்வை 0.460 அங்குலத்தைச் சுற்றித்தான் தூக்க முடியும். அதற்கு மேல் தூக்கினால் ரிடெய்னர் கீழே இடிக்கும். கைடின் தலையைக் கடைந்து, ஸ்பிரிங்கை மாற்றினால் தாண்டலாம், ஆனால் செலவு. இரண்டு சீட்டுக்கு நடுவே விரிசல் விடுவதும் வழக்கம். லாரியிலிருந்து கழற்றிய ஹெட்டை விரிசல் சோதனை செய்யாமல் காசு கொடுக்கக்கூடாது. இவற்றைக் கூட்டிக் கழித்தாலும், 350 முதல் 400 குதிரைத்திறன் போதும் என்பவருக்கு நான் கைகாட்டுவது இதைத்தான். இதைப் போர்ட் செய்யலாமா என்று கேட்டால், சீட்டோடும் அதன் கீழ்க் கிண்ணத்தோடும் நிறுத்தச் சொல்வேன்.

புது அலுமினிய ஹெட்டில் எடெல்பிராக், டிரிக் ஃப்ளோ, ஏ.எஃப்.ஆர், டார்ட், பிராடிக்ஸ் என்று பெயர்கள் நிறைய. 180 முதல் 195 கன சென்டிமீட்டர் போர்ட் உள்ளவை சாலைக்கும் வாரக் கடைசிப் பந்தயத்துக்கும் பொருந்தும். இந்த அளவில் 260 முதல் 280 கன அடி வரை அறிவிக்கும் ஹெட்டுகள் சாதாரணமாகக் கிடைக்கின்றன. வாய்ப்பாட்டின்படி 270-க்கு 555 குதிரைத்திறன் உச்சவரம்பு. ஒரு சோடியில் ஏறத்தாழ இருபது கிலோ எடை குறைகிறது. விரிசல் விட்டால் வெல்டிங் வைத்து மீட்கலாம்; வார்ப்பிரும்பில் அது பெரும்பாடு.

பெட்டியில் எழுதாத செலவு இங்கேயும் வரும். கேமின் அசைவை மேலே கொண்டுபோகும் புஷ்ராட்டின் நீளம் மாறும். ஸ்பார்க் பிளக் வேறு. போல்ட்டுக்கு அடியில் கெட்டியான வாஷர் வேண்டும். பூட்டி வரும் ஸ்பிரிங் ரோலர் கேமுக்கு ஏற்றதாக இருந்து, உங்களுடையது பழைய தட்டை டேப்பெட் கேம் என்றால், சில மணி நேரத்திலேயே கேமின் முகடு தேய்ந்து போகும். பெரிய வால்வ் பிஸ்டனின் பள்ளத்துக்குள் சரியாக இறங்குகிறதா என்று களிமண் வைத்துப் பார்க்காமல் இன்ஜினைச் சுற்றிவிட்டவர்களின் கதைகள் ஏராளம்.

வார்த்தபடி வாங்குவதா, சி.என்.சியில் குடைந்ததா? சி.என்.சியின் சிறப்பு எட்டு போர்ட்டும் ஒன்றுபோல் இருப்பது. திறமையான ஒருவர் கையால் செதுக்கிய ஒரு போர்ட்டை நுனிமுள்ளால் தொட்டுத் தொட்டு அளந்து, அதே வடிவத்தை இயந்திரம் எல்லா ஹெட்டிலும் திரும்ப வெட்டுகிறது. அந்த மூலப் போர்ட் மோசமாக இருந்தால் மோசத்தையும் துல்லியமாகப் பிரதி எடுக்கும். ஆகையால் சி.என்.சி என்ற மூன்று எழுத்துக்குத் தனி மதிப்புக் கிடையாது. எந்த வடிவம், எவ்வளவு கொள்ளளவு, எந்த லிஃப்ட்டில் என்ன எண் என்பதற்குத்தான். தொழிற்சாலையே இதைச் செய்ததற்கு நல்ல உதாரணம் 2006 கார்வெட் இசட்06. அதன் 7 லிட்டர் எல்.எஸ்.7 இன்ஜினின் ஹெட் சி.என்.சியில் குடைந்தே வந்தது, டைட்டானியம் இன்டேக் வால்வ், 505 குதிரைத்திறன். போர்ட்டின் அழகில் குறை சொல்ல ஆள் இல்லை. ஆனால் வால்வ் கைடு சீக்கிரம் தேய்கிறது என்று உரிமையாளர்கள் பரவலாகப் புலம்பியதும் அதே ஹெட்டைப் பற்றித்தான். போர்ட்டைப் பார்த்து மயங்கி கைடைப் பார்க்க மறப்பவர்களுக்கு அந்தப் புலம்பல் உதவும்.

400 குதிரைத்திறனுக்கு மேல், கேமும் அமுக்கமும் எக்ஸாஸ்ட்டும் அதற்கு ஏற்ப மாறப்போகின்றன என்றால் வார்த்தபடி வரும் 180 அல்லது 195 ஹெட். 6500 சுற்றுக்கு மேல் ஓட்டப்போகும் பந்தய இன்ஜின் என்றால் மட்டும் முழு சி.என்.சி. நடுவில் நிற்பவர்கள் வார்த்த ஹெட்டை வாங்கி சீட்டைத் திருத்திக்கொண்டால் வித்தியாசத்தில் பாதி கைக்கு வந்துவிடும்.

கையில் எடுத்துப் பார்க்கும்போது

ஏற்கெனவே போர்ட் செய்த ஹெட் பழசாக விற்பனைக்கு வந்தால் முதலில் கண்ணில் படுவது பளபளப்பு. இன்டேக் போர்ட்டைக் குத்துவிளக்கு துலக்குவது போலத் துலக்கி வைத்திருந்தால் நான் ஓரடி பின்வாங்குவேன். கார்புரேட்டர் இன்ஜினில் பளிங்குச் சுவரில் பெட்ரோல் ஒட்டி வழியும். கரடான எமரி பட்ட சுவரே மேல். எக்ஸாஸ்ட்டைத் துலக்கலாம், தவறில்லை, கரி படிவது குறையும். பளபளப்பில் நேரம் செலவழித்தவர் வடிவத்தில் எவ்வளவு செலவழித்தார் என்பதே சந்தேகம்.

ஹெட்டைக் கவிழ்த்து, வால்வைக் கழற்றி, சீட்டின் வழியாகச் சுட்டுவிரலை உள்ளே விட வேண்டும். போர்ட்டின் தரை வளைந்து வால்வை நோக்கித் திரும்பும் உள்வளைவு விரல் நுனிக்குத் தெரியும். அது மெல்ல உருண்டு இறங்க வேண்டும். கூர்மையான முனை தட்டுப்பட்டால் காற்று அங்கே தரையை விட்டுப் பிரிந்து தாவும். உச்ச லிஃப்ட்டில் எண் திடீரென்று சரியும். தெரியாத கைகள் போர்ட் செய்யும்போது முதலில் கெடுவது இந்த இடம். கருவி எட்டுவது சுலபம் என்பதால் தரையை வெட்டிவிடுவார்கள். வெட்ட வேண்டியதோ பெரும்பாலும் கூரையை.

பிறகு வெளி வாயிலிலிருந்து டார்ச் அடித்துப் பார்க்கலாம். வால்வ் 23 பாகை சாய்ந்து நிற்கும் இந்த ஹெட்டுகளில் புஷ்ராட் போகும் துளை இன்டேக் போர்ட்டை ஒரு பக்கமாக நெருக்கும். மொத்தப் பாதையில் குறுகலான இடம் அதுதான். அங்கே அகட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். சுவர் கிழிந்தால் பித்தளைக் குழாய் செருகித்தான் காப்பாற்ற வேண்டும். எட்டு போர்ட்டிலும் அந்த இடுக்கை ஒரே அளவியால் அளந்து பார்த்தால், செய்தவர் அளந்து செய்தாரா, கண் மதிப்பில் செய்தாரா என்பது வெளிச்சமாகிவிடும். ஒரு கண்ணாடித் தகட்டை ஒட்டி, பியூரெட்டால் திரவம் ஊற்றிக் கொள்ளளவு எடுப்பது இன்னும் உறுதியான வழி. போர்ட்டுக்குப் போர்ட் இரண்டு மூன்று கன சென்டிமீட்டருக்கு மேல் வேறுபட்டால் விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

சீட்டின் அகலத்தைப் பார்க்க வேண்டும்: சாலை இன்ஜினுக்கு இன்டேக்கில் ஒன்றரை மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட்டில் இரண்டு. எக்ஸாஸ்ட் வால்வ் தன் வெப்பத்தை சீட் வழியாகத்தான் இறக்குகிறது. பந்தயக் கணக்கில் மெல்லியதாக வெட்டிய சீட் நெடுஞ்சாலையில் எரிந்துபோகும். சீட்டுக்குக் கீழே உள்ள தொண்டை, வால்வ் விட்டத்தில் 90 விழுக்காட்டைத் தாண்டியிருந்தால் அதிகம் தின்றுவிட்டார்கள் என்று பொருள். வால்வ் தண்டைக் கைடில் பாதி இழுத்து ஆட்டினால் தெரியும் ஆட்டம், பல முறை வெட்டிப் புதைந்த சீட், அழுத்தச் சோதனையின் ரசீது ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். ரசீது இல்லை என்றால் சோதனை செலவை விலையில் கழித்துவிடலாம். சுவரின் கனத்தை அல்ட்ராசவுண்ட் கருவியால் அளந்திருந்தால் இன்னும் நிம்மதி. தண்ணீர் அறைக்கு நூலிழை தூரத்தில் நிற்கும் போர்ட், பெஞ்சில் சாதனை எண்ணைக் காட்டிவிட்டு ஆறு மாதத்தில் குளிர்நீரைக் குடிக்க ஆரம்பிக்கும்.

நம் ஊரில் இந்தக் கணக்கு

தமிழ்நாட்டில் போர்ட்டிங் என்றதும் பலருக்கு நினைவு வருவது ஆர்.எக்ஸ். 100. அது வேறு வேலை. டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் போர்ட் இருப்பது சிலிண்டர் சுவரில். அதன் உயரத்தை மாற்றினால் திறந்து மூடும் நேரமே மாறிவிடும். ஹெட்டில் போர்ட் கிடையாது. அந்த அனுபவத்தை வைத்து ஃபோர்-ஸ்ட்ரோக் ஹெட்டில் 'இன்னும் கொஞ்சம் எடு' என்று சொல்வது ஆபத்து.

நம்மிடம் போர்ட் வேலைக்கு அதிகம் வந்துபோன ஹெட்டுகளில் ஒன்று மாருதி ஜிப்ஸி, எஸ்டீம் வண்டிகளின் 1298 சி.சி இன்ஜினுடையது. நான் சொல்வது பிற்காலத்து வடிவத்தை: ஒற்றை மேல்நிலை கேம், பதினாறு வால்வ், அலுமினியம். இதற்குக் கடையில் வார்த்து விற்கும் பந்தய ஹெட் என்று ஒன்றைப் பெட்டியோடு வாங்கிவிட முடியாது. வோர்டெக் மாதிரி ஓசியில் வந்து நிற்கும் மாற்றும் இல்லை. கூலியோ அமெரிக்கக் கூலியில் சிறு பங்கு. கோயம்புத்தூரில் லேத்தும் சீட் கட்டரும் தெருவுக்குத் தெரு உண்டு. அமெரிக்காவில் வீண் என்று நான் தள்ளிய கைவேலை இங்கே முதல் தேர்வாகிறது.

எதிர்பார்ப்பை மட்டும் அளவோடு வைக்க வேண்டும். சிலிண்டருக்கு இரண்டு இன்டேக் வால்வ் இருப்பதால் வளைய இடுக்கின் பரப்பு தொடக்கத்திலேயே தாராளம். பழைய இரும்பு வி-8 போல 'எடுக்க எடுக்க வரும்' நிலை இதில் இல்லை. இரண்டு வால்வுக்கும் போர்ட்டைப் பிரிக்கும் நடுத்தடுப்பின் முனையை மெலிதாக்குவது, சீட்டை மூன்று கோணத்தில் வெட்டுவது, சீட் வளையத்துக்கும் அலுமினியத்துக்கும் இடையில் உள்ள படியைச் சமமாக்குவது. பலன் இந்த மூன்றில் இருக்கிறது. போர்ட்டின் நடுப்பகுதியைத் தொடாமல் விடலாம். செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே போன்ற குறுகிய தடத்தில் வளைவிலிருந்து வெளியேறும்போதுள்ள நடு வேக முறுக்குவிசைதான் வண்டியை முன்னால் தள்ளும். பெரிய போர்ட் அதையே முதலில் பறிக்கும். ஓட்டப்போகும் வகுப்பின் விதிப் புத்தகத்தை வேலை கொடுப்பதற்கு முன்பே படித்துவிட வேண்டும். தொடக்கநிலை வகுப்புகளில் ஹெட்டைத் தொடவே விடமாட்டார்கள்.

ஃப்ளோ பெஞ்ச் கையருகே இல்லாத ஊரில் வேலையை எப்படி மதிப்பிடுவது என்ற கேள்வி எஞ்சும். இன்ஜின் திறனை அளக்கும் டைனமோமீட்டரில் வேலைக்கு முன்பும் பின்பும், அதே கேம், அதே பெட்ரோல், அதே சக்கரக் காற்றழுத்தத்தோடு எடுத்த இரண்டு கோடுகள் ஒரு விடை. இரண்டாவது கோட்டின் உச்சியைப் பார்க்காமல் 3500 சுற்றில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். முதல் கோட்டுக்குக் கீழே போயிருந்தால் அதிகம் குடைந்திருக்கிறார்கள். இன்னொரு செலவும் நான் செய்யச் சொல்வேன். பழைய இரும்புக் கடையில் விரிசல் விட்ட அதே வகை ஹெட் எடைக்குக் கிடைக்கும். அதை வாங்கி, ஒரு இன்டேக் போர்ட்டின் நடுவாக பேண்ட்சாவில் அறுத்து, தண்ணீர் அறை எங்கே வருகிறது, கூரையில் எத்தனை மில்லிமீட்டர் கனம் இருக்கிறது என்று மார்க்கரில் எழுதி, நல்ல ஹெட்டைக் கொடுக்கும்போது அந்த அறுத்த துண்டையும் சேர்த்து வேலைக்காரர் கையில் கொடுத்துவிடலாம்.